அந்தக் கோழி யாரோடது? கரிசக்காட்டுப் பிள்ளைகளும் வீட்டுக் கோழியும்

(எபிசோட்ல பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை எடுத்துட்டு இங்க போட்டிருக்கேன். கேட்க நேரமில்லாதவங்க வாசிச்சுக்கலாம்.)

வழக்கமா இங்க வேலை, கம்ப்யூட்டர், ஊருன்னு கலந்து பேசுவோம். இன்னைக்கு முழுக்க கோழி. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம், சுத்திலும் கரிசக்காடு. அக்கா பொண்ணு அப்ப ஆறாம் வகுப்பு. கருப்பின்னு ஒரு கோழி வச்சிருந்தா. குஞ்சுல இருந்து அவதான் பார்த்தா. காலையில திறந்து விடுறது, தவிட்டைப் பிசைஞ்சு வைக்கிறது, சாயங்காலம் எண்ணிப் பஞ்சாரத்துல அடைக்கிறது எல்லாம் அவ வேலை. தீபாவளிக்கு மறுநாள் விருந்தாளி வந்தாங்க. மதியம் இலையில குழம்பு. அவ சாப்பிடல. அழவும் இல்ல. என் பக்கத்துல வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"மாமா, அந்தக் கோழி யாரோடது?"

எனக்குப் பதில் தெரியல. வளர்த்தது அவ. தீவனம் வாங்குனது அத்தான். முதல் கோழியைக் குடுத்தது எங்க ஆச்சி. அறுக்கலாம்னு சொன்னது அக்கா. சாஃப்ட்வேர்ல ஒரு ஃபைலுக்கு உரிமையாளர் யாருன்னு தெரியாம எதையும் அழிக்க விடமாட்டோம். வீட்டுல ஒரு உசுருக்கு அந்தக் கணக்கு இல்லையேன்னு தோணுச்சு. இந்த எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினதுதான்.

சிறுவாட்டுக் காசு

நம்ம பக்கம் வெள்ளாமை எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிடுறேன். கரிசல் மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஆனா அந்த ஈரம் வானத்துல இருந்துதான் வரணும். புரட்டாசி, ஐப்பசியில விதைப்பு. உளுந்து, பாசி, சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய். தை, மாசியில காசு. நடுவுல இருக்கிற மாசமெல்லாம் கையில ஒண்ணும் ஓடாது. அந்த இடைவெளியில நோட்டு, பேனா, பஸ்ஸு, காய்ச்சல் மாத்திரைன்னு வர்ற சின்னச் செலவை இழுத்துட்டுப் போறது ஆடும் கோழியும்தான்.

கோழிக் காசு எப்பவும் பொம்பளைங்க காசு. அதுக்குன்னே சிறுவாடுன்னு ஒரு வார்த்தை வச்சிருக்கோம். அடுக்குப்பானையில, அரிசிக்குள்ள, சேலை மடிப்புல கிடக்கும். ஆம்பளைங்க அதைக் கேக்க மாட்டாங்க, கேட்டாலும் கிடைக்காது. முட்டை வித்த காசுக்கு யார் உரிமைன்னு எங்க ஆச்சிக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்ல. பிள்ளைங்களுக்குத்தான் அந்தத் தெளிவு இல்லாமப் போச்சு. வேலை பிள்ளையோடது, கோழி வீட்டோடது.

அம்மா சொன்ன மறுப்பு

ஊர்ல பிள்ளைங்களைச் சேர்த்து ஒரு சின்னக் கோழிக் குழு ஆரம்பிக்கலாம்னு அன்னைக்கு ராத்திரியே சொன்னேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. அம்மா மட்டும் ஒத்துக்கல.

"பிள்ளைங்க கையில வேலையைக் குடுக்காதப்பா. நாங்க அடுக்குனது போதும்."

அம்மாவுக்கு ஒம்பது வயசுல தீப்பெட்டி ஆபீஸ். 1980-களோட தொடக்கம். விடியுறதுக்கு முன்னாடி வண்டி வரும். தூக்கத்துலயே ஏத்தி விடுவாங்க. சட்டத்துல தீக்குச்சி அடுக்கணும், அடுக்குன சட்டத்துக்குக் கூலி. அந்தக் கூலி அம்மா கைக்கு வந்ததே இல்ல. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துல இது ஒரு தலைமுறையோட கதை. 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. 1988-ல தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்குனப்ப, முதல்ல எடுத்துக்கிட்ட இடங்கள்ல சிவகாசியும் ஒண்ணு. 2016-ல சட்டத்தைத் திருத்தி, 14 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைங்களை எந்த வேலையிலயும் வைக்கக்கூடாதுன்னு ஆக்குனாங்க. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் விடுமுறையிலயும், ஆபத்தில்லாத குடும்ப வேலைக்கு உதவலாம்னு ஒரு விலக்கு இருக்கு.

அந்த விலக்குக்குள்ள கோழி அடங்கிடும். ஆனா அம்மா கேட்டது சட்டத்தை இல்ல. "இதுவும் அதுவும் எப்படி வேறன்னு சொல்லு"ன்னு கேட்டாங்க. அதுக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

மத்த ஊர்ல எப்படிச் செஞ்சாங்க

பிள்ளைங்களுக்கான விவசாயக் குழுன்னா உலகத்துல பெரிய உதாரணம் அமெரிக்காவோட ஃபோர்-ஹெச். 1902-ல ஒஹையோ மாநிலத்துல கிளார்க் கவுண்டியில, ஏ.பி. கிரஹாம்னு ஒரு பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைங்களைக் கூட்டி வச்சு ஆரம்பிச்சது. மக்காச்சோளம் போடுறது, மண்ணைச் சோதிக்கிறது, கணக்கு எழுதுறது. அங்க பெரியவங்க, ஆராய்ச்சிக்காரங்க சொன்னதைச் சட்டுனு நம்பல. பிள்ளைங்க சின்ன இடத்துல செஞ்சு காட்டுனதும் அப்பாமார் எட்டிப் பார்த்தாங்க. 1914-ல ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, விவசாய விரிவாக்கப் பணிக்கு அரசாங்கக் காசு கிடைச்சது. அதோட சேர்ந்து இதுவும் நாடு முழுக்கப் பரவிச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்துச்சு. கோவில்பட்டியில வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லயே வந்தது. பருத்தி, சோளம்னு மானாவாரிக்கு எத்தனையோ ரகம் குடுத்திருக்கு. பஸ்ல போகும்போது அந்தப் போர்டைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தேன். உள்ள என்ன நடக்குதுன்னு எங்க பள்ளிக்கூடத்துல யாரும் சொன்னதில்ல.

ஃபோர்-ஹெச்ல ஒரு ஆதாரமான விதி உண்டு. கன்னுக்குட்டியோ கோழியோ, அது அந்தப் பிள்ளையோட திட்டம், கணக்கு நோட்டு அவன் கையெழுத்துல இருக்கணும். அங்கயும் அந்தக் காலத்துல ஒரு பழக்கம் பெரிய குறையாப் பேசப்பட்டது. மகன் வளர்த்தா கன்னுக்குட்டி, வித்தா அப்பன் மாடு. கருப்பி கதை கடல் தாண்டியும் நடந்திருக்கு.

நம்ம நாட்டுலயும் இதே சிக்கல் வந்திருக்கு. 1937-ல காந்தி வார்தாவுல ஆதாரக் கல்வியை முன்வச்சார். கைத்தொழில் வழியாப் படிப்பு, பிள்ளைங்க செய்யுற பொருளை வித்து அந்த வருமானத்துலயே பள்ளிக்கூடத்தை நடத்தலாம்கிறது யோசனை. அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் எதிர்ப்பு வந்துச்சு. பள்ளிக்கூடம் பட்டறை ஆயிடும், பிள்ளை கூலியாளாயிடும்னு சொன்னாங்க. எங்க அம்மா கேட்ட அதே கேள்விதான்.

இப்ப பக்கத்துலயே பார்க்கணும்னா மலைக்கு அந்தப்புறம் கேரளா. அங்க மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம், 'குஞ்ஞு கைகளில் கோழிக்குஞ்ஞு'ன்னு ஒரு திட்டம் நடத்திச்சு. பள்ளிக்கூடத்துல கோழிக் குழு, பிள்ளைக்கு ஐந்து கோழி. பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டு போய் வளர்க்கும். கோழி, பிள்ளை பேர்ல வீட்டுக்குள்ள வருது. அந்த ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருந்தது.

நான் செஞ்ச தப்பு

நாங்க முதல் தடவை பங்குனியில ஆரம்பிச்சோம். நாலு வீடு, நாலு பிள்ளைங்க. குஞ்சு 31. கோழிக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போட்டே ஆகணும்னு படிச்சு வச்சிருந்தேன்.

அந்த நோயைப் பத்திக் கொஞ்சம். ஊர்ல வெள்ளைக்கழிச்சல்னு சொல்லுவாங்க. இன்னொரு பேர் ராணிக்கெட். 1920-களோட கடைசியில இமயமலைப் பக்கம் ராணிக்கெட்ங்கிற ஊர்ல கண்டறிஞ்சதால அந்தப் பேர். இங்கிலாந்துல அதே நோயை நியூகாஸில்னு சொல்றாங்க, 1926-ல அங்க பார்த்ததால. வைரஸ் நோய். வந்துட்டா மருந்து கிடையாது. பச்சையா வெள்ளையாக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்துத் திருகும், ஒரு வாரத்துல பஞ்சாரம் காலி. தடுப்பு மருந்து ஒண்ணுதான் வழி. குஞ்சுக்கு 7-வது நாள் வாக்குல லசோட்டா, கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு. அப்புறம் 8-வது வாரம் றெக்கைக்கு அடியில ஊசி.

அந்த மருந்துக்குள்ள இருக்கிறது உயிரோட இருக்கிற, வலுவிழந்த வைரஸ். 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். நான் என்ன பண்ணேன்? டவுன்ல குப்பியை வாங்கி லேப்டாப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, மத்தியானப் பஸ்ல ஊருக்கு வந்தேன். ஐஸ் இல்ல. சித்திரை வெயில். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வேற காத்துக் கிடந்தேன். வந்து எல்லாக் குஞ்சுக்கும் பெருமையா ஒவ்வொரு சொட்டு விட்டேன். அது வெறும் தண்ணிக்குச் சமம்.

அஞ்சு வாரம் கழிச்சு நோய் வந்துச்சு. 31-ல 23 போச்சு. தாய்க்கோழி ரெண்டும் போச்சு. அக்கா பொண்ணு போன் பண்ணா. "மாமா, நீங்க மருந்து போட்டீங்கல்ல?" அவ்வளவுதான் கேட்டா. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "மருந்து போட்டதாலதான் செத்துச்சு"ன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அவங்க கண்ணால பார்த்தது அதைத்தான்.

பிள்ளைங்க எதுக்குத் தேவை

அடுத்த தடவை ஆரம்பிக்கும் முன்னாடி கால்நடை மருந்தகத்துல போய்க் கேட்டேன். அப்பதான் உண்மையான சிக்கல் புரிஞ்சது. குப்பியில 100 கோழிக்கோ அதுக்கு மேலயோ மருந்து இருக்கும். கரைச்சுட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிரணும். ஒரு வீட்டுல 9 குஞ்சு. அடுத்த வீட்டுக் குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாள் இருக்கும். ஒம்பது குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைச்சு மிச்சத்தைக் கொட்டணுமா? அதனாலதான் ஊர்ல யாரும் போடுறதில்ல. சோம்பேறித்தனம் இல்ல, கணக்கு ஒத்து வரல.

இது எனக்குத் தெரிஞ்ச சிக்கல். வேலையில தினமும் பார்க்கிறது. தனித்தனியா வர்றதை ஒண்ணாச் சேர்த்து ஒரே நேரத்துல முடிக்கணும். எல்லா வீட்டுலயும் ஒரே வாரத்துல அடை வச்சா, 21 நாள் கழிச்சு ஒரே வாரத்துல பொரிக்கும். அதுக்கு அடுத்த வாரம் ஒரே காலையில ஒரே குப்பி.

ஆனா எந்த வீட்டுக் கோழி அடைக்குக் கேக்குதுன்னு யாருக்குத் தெரியும்? எந்தக் கோழி எந்த மரத்துல அடையுது, எது வைக்கப்படப்புல திருட்டுத்தனமா முட்டை வைக்குது? பெரியவங்களுக்குத் தெரியாது. பிள்ளைங்களுக்கு அத்தனையும் தெரியும். மேயப் போற கோழியைப் பகல்ல பிடிக்கவே முடியாது. திறந்து விடுறதுக்கு முன்னாடி, கருக்கல்லயே ஊசி போட்டாகணும். ஒவ்வொரு வருஷமும் கால்நடைத்துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசிக்கு இருவார முகாம் நடத்துது. இலவசம்தான். அவங்க வர்ற நேரத்துக்குக் கோழி காட்டுல மேஞ்சுக்கிட்டு இருந்தா முகாம் வந்தும் பிரயோசனமில்ல. முந்தின நாள் ராத்திரி வீடு வீடாப் போய், "நாளைக்குத் திறந்து விட்டுராதீங்க பெரியம்மா"ன்னு சொல்ல ஆள் வேணும். குழுவோட வேலை அதுதான்.

கார்த்திகையில ரெண்டாவது தடவை ஆரம்பிச்சோம். ஏழு வீட்டுல ஒரே வாரத்துல அடை. ஆச்சி வழக்கப்படி கூடையில மணலைப் பரப்பி, இரும்புத் துண்டு, கரித்துண்டு, மிளகாய் வத்தல் போட்டாங்க. இடி இடிச்சா முட்டை கூமுட்டையாகாதாம். நான் ஒண்ணும் சொல்லல. 7-வது நாள் ராத்திரி, என் போன் டார்ச்சுல முட்டையை ஒவ்வொண்ணா வச்சுப் பார்த்தோம். உயிர் இருக்கிற முட்டையில சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரியும். வெறும் வெளிச்சமா இருந்தா கரு இல்ல. பிள்ளைங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தாங்க. ஆச்சியும் எட்டிப் பார்த்தாங்க. எழுபது வருஷமா அடை வைக்கிறாங்க, உள்ள பார்த்தது அன்னைக்குத்தான்.

இந்தத் தடவை மருந்து, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்குல வந்துச்சு. சொட்டு மருந்து விட்டது பெரியவங்க, குஞ்சைப் பிடிச்சுக் குடுத்தது பிள்ளைங்க. ஊசி, அறுக்கிறது ரெண்டும் பிள்ளைங்களுக்குக் கிடையாது. கோழியைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும். செத்த கோழியைத் தொடக்கூடாது, பெரியவங்ககிட்ட சொல்லணும்.

ஐஸ் கிடைக்காத ஊர்க்காரங்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், வெயில் தாங்குற வைரஸை வச்சு வாய்வழி குருணை மருந்து ஒண்ணு உருவாக்கியிருக்கு. ஊசி வேண்டாம், தீவனம் மாதிரி கொத்தித் திங்கும். உங்க கால்நடை மருந்தகத்துல கேட்டுப் பாருங்க.

வாரத்துக்கு விடுறது

உரிமைக் கணக்குக்கு எங்கயும் போய்த் தேடல. நம்ம ஊர் வழக்கமே இருக்கு. கோழி இல்லாதவங்களுக்கு ஒரு பெட்டையை வாரத்துக்கு விடுவாங்க. கோழி குடுத்தவங்களோடது, வளர்க்கிறது வாங்குனவங்க, தேறுற குஞ்சுல ஆளுக்குப் பாதி. அதையே பிள்ளைங்களுக்கும் வச்சோம். ஆச்சி ஒரு பெட்டையை அக்கா பொண்ணுக்கு வாரத்துக்கு விட்டாங்க, நாலு பேருக்கு முன்னாடி.

நான் அவளுக்கு எக்செல்ல அழகா ஒரு ஷீட் போட்டுக் குடுத்தேன். தொடவே இல்ல. தினசரிக் காலண்டர்ல கிழிச்ச தாளைச் சேர்த்துத் தைச்சு, பின்பக்கம் எழுதுனா. அதுல இருக்கிறது இது. வச்ச முட்டை 12. கரு இல்லாதது 2. பொரிச்சது 9. பருந்து 2. தண்ணித் தொட்டியில விழுந்தது 1. தேறுனது 6. ஆச்சிக்கு 3, எனக்கு 3. கம்பு, குருணை வாங்குனது 140 ரூபாய். சேவல் வித்தது 450. கையில 310. பெட்டை 2 விக்கல.

அந்த 310 ரூபாயோட கொஞ்சம் சேர்த்துத் தபால் ஆபீஸ்ல அவ பேர்லயே கணக்குத் தொடங்குனோம். 10 வயசு முடிஞ்ச பிள்ளை தானே கணக்கு வச்சு நடத்தலாம், தொடங்க 500 ரூபாய் போதும்.

குழுவுல விதி மூணுதான். கோழியை விக்கவோ அறுக்கவோ அந்தப் பிள்ளைகிட்ட கேக்கணும், வேண்டாம்னா வேண்டாம். கணக்கைப் பிள்ளையே எழுதணும், காசும் பிள்ளை பேர்ல. மூணாவது, பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா எப்ப வேணாலும் விட்டுரலாம், யாரும் திட்டக்கூடாது. பரீட்சை நேரத்துல பெரியவங்க பார்த்துக்கணும்.

மூணாவது விதியை எழுதச் சொன்னது அம்மா. "எங்களை யாரு 'வேண்டாம்னா வீட்டுக்குப் போ'ன்னு சொன்னா?"ன்னு கேட்டாங்க. நான் ஒரு வருஷம் தேடுன பதில் அவங்ககிட்டயே இருந்திருக்கு. பத்தாவது வாரத்துல ஒரு பையன், "எனக்குக் கிரிக்கெட்டுதான் அண்ணே"ன்னு கோழியைத் திருப்பிக் குடுத்துட்டான். அவங்க அப்பா முகம் சுளிச்சார். அம்மாதான் அவனுக்கு ஒரு கடலைமிட்டாயைக் குடுத்து, "போய் விளையாடு"ன்னு அனுப்புனாங்க. குழு சரியாத்தான் நடக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் நம்பிக்கை வந்துச்சு.

போன தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாங்க. அத்தான் முத்தத்துல நின்னு, "பாப்பா, அந்தச் செவலையைப் பிடிக்கட்டுமா?"ன்னு கேட்டார். கேட்டார் பாருங்க, அதுவே பெரிசு. அவ காலண்டர் நோட்டைப் பார்த்துட்டு, "அது முட்டைக்கோழிப்பா. ஆச்சி சேவல் ஒண்ணு இருக்கு, அவங்ககிட்ட விலை கேளுங்க"ன்னா. அத்தான் ஆச்சிகிட்ட 400 ரூபாய் குடுத்து வாங்குனார். ஆச்சி அதைச் சுருட்டி இடுப்புல சொருகிக்கிட்டாங்க. மதியம் அக்கா பொண்ணு எங்க கூட உட்கார்ந்து குழம்பு ஊத்திச் சாப்பிட்டா.

உங்க வீட்டுலயும் பிள்ளை வளர்க்கிற கோழியோ ஆட்டுக்குட்டியோ இருந்தா, இன்னைக்கே பேசி முடிவு பண்ணிக்கோங்க, அது யாரோடதுன்னு. விருந்தாளி வந்த பிறகு பேச முடியாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வர்றேன் மக்களே.